சத்தம் இடத்தில் நிற்கிறதா, வண்டியோடு போகிறதா?

புதுச்சேரியில் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் பாதை ஓரம். ராத்திரி சரக்கு வண்டி போகும்போது ஏதோ ஒரு வேகன் மட்டும் டக்டக்டக்கென்று அடித்துக்கொண்டே போகிறது. தண்டவாளம் கெட்டுப்போயிருக்கு என்கிறார் அப்பா. சக்கரம்தான் கெட்டுப்போயிருக்கு என்கிறேன் நான். யார் சொல்வது சரி? வண்டி பாதையைக் கெடுக்கிறதா, பாதை வண்டியைக் கெடுக்கிறதா?"

தம்பி, அந்த வேகன் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தண்டவாளத்தில் குறை இருந்தால் சத்தம் ஓர் இடத்திலேயே நிற்கும். எஞ்சின் முதல் கார்டு பெட்டி வரை ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். சக்கரத்தில் குறை என்றால் சத்தம் வண்டியோடு சேர்ந்து நகரும். உங்கள் வீட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தேய்ந்து மறையும்வரை ஒரே தாளத்தில் கேட்கும். கணக்குப் போட்டும் பார்க்கலாம். வேகன் சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர். ஒரு சுற்றுக்கு 3.14 மீட்டர் உருளும். வண்டி 45 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 12.5 மீட்டர். ஆக விநாடிக்கு நான்கு தடவை அடிக்கும். நீங்கள் கேட்டது அந்தத் தாளமாகத்தான் இருக்க வேண்டும்.

இதை 'ஃபிளாட் டயர்' என்போம். எங்கேயோ பிரேக் கட்டை சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உருள வேண்டிய சக்கரம் உருளாமல் தண்டவாளத்தில் இழுபட்டுத் தேய்ந்து, அந்த இடத்தில் தட்டையாகிவிட்டது. சரக்கு வேகனில் 60 மி.மீ. நீளம் வரையும், பயணிகள் பெட்டியிலும் எஞ்சினிலும் 50 மி.மீ. வரையும் இந்தத் தட்டையை அனுமதிக்கிறார்கள். 60 மி.மீ. தட்டைக்கு ஆழம் எவ்வளவு தெரியுமா? 0.9 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதுதான் உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது.

ஆனால் அப்பாவையும் முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். இப்படி அடிக்கும் சக்கரங்கள் தொடர்ந்து போய்வந்தால், சில மாதத்தில் அவர் சொன்னதும் உண்மையாகிவிடும். அது எப்படி என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். வேலைக்காலம் முழுக்க நான் ரயில்வேயின் பாதைப் பிரிவில் இருந்தவன். விழுப்புரம் - மயிலாடுதுறை பாதை மீட்டர்கேஜாக இருந்தபோதும் பார்த்தேன், 2010-இல் அகலப்பாதையாகத் திறந்த பிறகும் பார்த்தேன்.

முதலில் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம். முழு பாரம் ஏற்றிய வேகனில் ஓர் அச்சின் மேல் 22.9 டன் வரை இருக்கும். ஒரு சக்கரத்துக்கு 11 டன்னுக்கு மேல். அந்த 11 டன்னும் தண்டவாளத்தில் இறங்குவது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு சின்ன நாணயத்தின் அளவில். சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் அழுத்தம். நாம் வழக்கமாகப் போடும் தண்டவாள எஃகை இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 90 கிலோவில் அறுந்துவிடும். அப்படியானால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தண்டவாளம் நசுங்க வேண்டாமா? நசுங்காததற்குக் காரணம், அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள எஃகு எல்லாப் பக்கமும் அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். முதல் சில மாதங்களில் மேல்தோல் அடிபட்டு அடிபட்டு இறுகுகிறது. பிறகு களைக்க ஆரம்பிக்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. அதைத் தேடித்தான் மீயொலிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள். 60 கிலோ தண்டவாளத்துக்கு (மீட்டருக்கு 60 கிலோ எடை) ஆயுளை வருடத்தில் சொல்வதில்லை. அதன் மேல் ஓடிய எடையில் சொல்கிறோம். 80 கோடி டன் ஓடினால் அதை மாற்ற வேண்டிய கணக்கு வருகிறது.

தட்டைச் சக்கரம் இந்தக் கணக்கையெல்லாம் குலைத்துவிடும். அது அடிக்கும் ஒவ்வொரு அடியும், வண்டி நிற்கும்போது சக்கரம் அழுத்தும் பாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடும். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் நிலக்கரியோ சிமென்டோ இந்த அடியில் சேராது. அதை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். அடிப்பது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரமும் அச்சும் அதன் முனையில் இருக்கும் பேரிங் பெட்டியும்தான். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிமென்ட் ஸ்லீப்பரில் விரிசல் விடுவது, பற்றவைத்த இணைப்பு குளிர்கால விடியற்காலையில் பிளந்துகொள்வது, இரண்டுக்கும் இந்த அடி ஒரு காரணம். விரிசல் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கும். குளிரில் தண்டவாளம் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கும். தட்டைச் சக்கரம் வந்து கடைசி அடியை அடிக்கும். காலையில், பாதையை நடந்து சோதிக்கும் கீமேன் சுத்தியலோடு போய் அதைப் பார்ப்பார். அதனால்தான் இப்போது சில இடங்களில் தண்டவாளத்திலேயே கருவி பொருத்தி, ஓடும் வண்டியில் எந்தச் சக்கரம் எவ்வளவு அடிக்கிறது என்று அளக்கிறார்கள். பாதையை வைத்தே சக்கரத்தைச் சோதிப்பது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

எஞ்சினும் தன் பங்குக்குச் செய்யும். சிக்னலில் நின்று, ஈரத் தண்டவாளத்தில் பெரிய பாரத்தை இழுத்துக் கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால், தண்டவாளத்தின் தலையில் தேங்காய்க் கீற்று மாதிரி ஒரு தழும்பு விழும். கணத்தில் சிவக்கச் சூடாகி, கணத்தில் ஆறி, அந்த இடம் கண்ணாடிபோல் உடையும் தன்மைக்கு வந்துவிடும். அதன்பின் அந்த இடத்தில் எல்லாச் சக்கரமும் தட்டும். அந்தச் சத்தம் வண்டியோடு போகாது. அப்பா சொல்லும் வகை அது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் மெக்கானிக்கல் படிப்பவர் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று. ரயிலின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கி ஏற்றப்பட்டவை. காரில் இருப்பது போல, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே, எப்படி ஓடுகிறது? சக்கரத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கும் விளிம்பு தடுத்துத் திருப்புகிறது என்றுதான் பெரும்பாலானவர் நினைக்கிறார்கள்.

வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளரை வாயோடு வாய் வைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு குச்சிகளை இணையாக வைத்து, லேசான சரிவில் அதை உருட்டிவிடுங்கள். ஒருபக்கம் ஒதுங்கினால் தானாகவே நடுவுக்கு வரும். ரயில் சக்கரம் அதுதான். அதன் ஓடும் பரப்பு 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது. விளிம்பு இருக்கும் உள்பக்கம் விட்டம் அதிகம். வளைவில் அச்சு வெளிப்பக்கம் ஒதுங்கும். வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சின்ன விட்டத்திலும் உருளும். டிஃபரன்ஷியல் செய்யும் வேலையை அந்தச் சரிவே செய்துவிடுகிறது. தண்டவாளத்தையும் நேராக நிறுத்துவதில்லை. அதே 20-க்கு 1 சரிவில் உள்பக்கம் சாய்த்துத்தான் ஸ்லீப்பரில் உட்காரவைத்திருக்கிறோம். சக்கரத்தை வரைந்தவரும் பாதையை வரைந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட எண் அது.

இதற்கும் எல்லை உண்டு. அகலப்பாதையில் விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் மொத்தம் 19 மி.மீ. ஆட்டம், அதாவது நடுவிலிருந்து ஒருபக்கம் ஒதுங்க 9.5 மி.மீ. 915 மி.மீ. விட்டமுள்ள பெட்டிச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 840 மீட்டர் ஆர வளைவு வரைக்கும்தான் கூம்பு தனியாகச் சமாளிக்கும். நாங்கள் 2 டிகிரி வளைவு என்று சொல்வது 875 மீட்டர் ஆரம். அதைவிடக் கூர்மையான வளைவில் விளிம்பு தண்டவாளத்தில் உரசியே தீரும். அந்தக் கீச்சொலியும், வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் பளபளவென்று தெரியும் தேய்மானமும், நாங்கள் கிரீஸ் பூசுவதும் அங்கேதான்.

நடுவுக்குக் கொண்டுவரும் இந்தக் குணமே நேர்பாதையில் தொந்தரவாகவும் மாறும். நடுவுக்கு வந்த அச்சு அங்கே நிற்பதில்லை; தாண்டி மறுபக்கம் போகும், திரும்ப வரும். பாம்பு நெளிவது போல. க்ளிங்கெல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1883-இலேயே இதன் நீளத்துக்குச் சூத்திரம் எழுதிவிட்டார். புதுச் சக்கரத்துக்கு ஒரு நெளிவு சுமார் 17.8 மீட்டர் வருகிறது. 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஒன்றரை ஆட்டம். பெட்டியின் ஸ்பிரிங்குகள் அதை அடக்கிவிடும். ஆனால் சக்கரம் ஓடி ஓடி நடுவில் குழிந்தால், அதன் சரிவு பலமடங்கு செங்குத்தாகிவிடும். சரிவு நான்கு மடங்கானால் நெளிவின் நீளம் பாதியாகும். ஆட்டம் விநாடிக்கு மூன்றாகும். அந்த வேகத்தில் ஆடும் போகி (பெட்டிக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்) தண்டவாளத்தை இடமும் வலமும் மாறி மாறிக் குத்தும். நேர்பாதையில் அலை அலையாகக் கோடு விலகிக் கிடந்தால் பாதை ஆள் மேல் பழி போடுவது வழக்கம். அதைச் செய்தது குழிந்த சக்கரமாகவும் இருக்கலாம். சக்கரத்தைக் கடைசல் மிஷினில் ஏற்றிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பாதைக்கும் சேர்த்துச் செய்யும் பராமரிப்பு.

வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவதும் ஒரு சமரசம்தான். 875 மீட்டர் வளைவில் 100 கி.மீ. வேகத்துக்குச் சரியான உயரம் 157 மி.மீ. அதே வளைவில் 50 கி.மீ.-இல் ஊர்ந்து போகும் சரக்கு வண்டிக்கு 39 மி.மீ. போதும். இரண்டும் ஒரே பாதையில்தான் ஓடியாக வேண்டும். 90 மி.மீ. வைத்தோம் என்றால் விரைவு வண்டிக்கு 67 குறைவு, சரக்குக்கு 51 அதிகம். இரண்டும் 75 என்ற வரம்புக்குள் அடங்கும். ஆனால் சரக்கு வண்டியின் பாரம் உள்தண்டவாளத்தில் சாய்ந்து அதன் தலையை நசுக்கும். விரைவு வண்டி வெளித் தண்டவாளத்தின் பக்கத்தைத் தின்னும். எந்தத் தண்டவாளம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்த வளைவில் உண்மையில் வண்டிகள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று சொல்லிவிடலாம்.

இப்போது எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். எந்த யார்டு என்பது வேண்டாம். ஒரு விடியற்காலை, காலி வேகன் ஒன்று, ஆள் நடக்கும் வேகத்தில் வளைவான லைனில் தள்ளிக்கொண்டு போகும்போது தடம் புரண்டது. யாருக்கும் அடியில்லை. பாதை, வண்டி என இரண்டு இலாகாவும் வந்து அளந்தோம். பாதையில் ஒரு பக்கம் முறுக்கு இருந்தது, அதாவது இரண்டு தண்டவாளத்தின் உயர வித்தியாசம் சட்டென்று மாறியிருந்தது. வரம்புக்கு உள்ளேதான். சக்கர விளிம்பு தேய்ந்திருந்தது. அதுவும் வரம்புக்கு உள்ளேதான். ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தது, அதுவும் ஏற்கத்தக்கதே. சேர்ந்து எழுதும் அறிக்கையான ஜாயின்ட் நோட்டில் "எங்கள் பக்கம் சரி" என்று இரண்டு தரப்பும் எழுதினோம். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. வேகன் மட்டும் கீழே கிடந்தது.

நடந்தது இதுதான். சக்கரம் தண்டவாளத்தில் ஏறுமா ஏறாதா என்பதை, பக்கவாட்டில் தள்ளும் விசையைக் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 1896-இல் பிரெஞ்சுக்காரர் நடால் தந்த கணக்கு. நம் சக்கர விளிம்பின் சரிவுக்கு, உராய்வு 0.25 ஆக இருந்தால் அந்த விகிதம் 1.4 வரைக்கும் தாங்கும். துருவும் வறட்சியுமாக உராய்வு 0.5 ஆனால் 0.9-லேயே ஏறிவிடும். காலி வேகனில் அழுத்தும் பாரம் முதலிலேயே குறைவு. முறுக்கு இருக்கும் இடத்தில் நான்கு மூலையில் ஒரு மூலை தொங்கும். அங்கே பாரம் இன்னும் குறையும். அதிகம் ஓடாத லைன், துருப்பிடித்த தண்டவாளம், உராய்வு அதிகம். எல்லாம் தனித்தனியே வரம்புக்குள். சேர்ந்தபோது வரம்பு மீறல். பாதையின் புத்தகத்தில் பாதைக்கு வரம்பு இருக்கிறது, வண்டியின் புத்தகத்தில் வண்டிக்கு வரம்பு இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் அந்த நாணயம் அளவு இடத்துக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் அன்று எங்களிடம் இல்லை. உங்கள் தலைமுறையில் ஓடும் வண்டியிலிருந்தே அந்த விசையை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. படித்து முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால் சந்தோஷப்படுவேன்.

ஜல்லிக்கு வருகிறேன். கருங்கல் ஜல்லி எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை. பாதை அசையாமல் இருப்பதற்காக அல்ல, அளவாக அசைவதற்காக. சக்கரம் வரும்போது தண்டவாளம் சில மில்லிமீட்டர் அமுங்கி மறுபடி எழ வேண்டும். அருகருகே உள்ள ஸ்லீப்பர்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர். அதில் ஒன்றின் அடியில் மட்டும் ஜல்லி இறங்கி வெற்றிடம் விழுந்தால், அந்த ஸ்லீப்பர் தண்டவாளத்தில் தொங்கும். சக்கரம் வந்ததும் கீழே அடிக்கும். அடியால் ஜல்லி இன்னும் இறங்கும், அதனால் அடுத்த அடி இன்னும் பலமாக விழும். பறங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் பாதையின் இரு புறமும் ஈரநிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிமண் ஊறி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சேறு ஜல்லிக்குள் பீச்சிக்கொண்டு மேலே வரும். சேறு கலந்த ஜல்லி தண்ணீரை வடிய விடாது. அங்கே ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணித்து என்னதான் பேக்கிங் போட்டாலும் பத்து நாள் நிற்காது. வடிகாலைச் சரிசெய்து ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்டால்தான் தீரும். டேம்பிங் மிஷின் விநாடிக்கு 35 முறை அதிர்ந்து ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கல்லை உடைக்கவும் செய்கிறது. அடிக்கடி டேம்பிங் செய்தால் பாதை நன்றாக இருக்கும் என்ற எண்ணம் தவறு.

டேம்பிங் முடிந்த உடனே வேகத்தைக் குறைத்து வைப்பதற்குக் காரணம் வெயில். பழைய மீட்டர்கேஜில் 12 மீட்டருக்கு ஓர் இணைப்பு, நடுவில் இடைவெளி. தடக் தடக் என்ற அந்தச் சத்தம் அங்கிருந்து வந்தது. இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்திருக்கிறோம். விரிவதற்கு இடமில்லை. ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு 60 கிலோ தண்டவாளத்துக்குள் 1.9 டன் நெருக்கம் சேரும். 40 டிகிரியில் பூட்டிய தண்டவாளம் கத்திரி வெயிலில் 60 டிகிரி ஆனால் 38 டன். இரண்டு தண்டவாளத்துக்கும் 76 டன். அதைப் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்திருப்பது ஸ்லீப்பரின் எடையும் ஜல்லியும்தான். டேம்பிங்கில் ஸ்லீப்பரைச் சுற்றியுள்ள ஜல்லி இளகியிருக்கும். அதோடு வண்டி வரும்போது சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளம் லேசாக மேலே எழும்பும். அந்தக் கணத்தில் ஸ்லீப்பரின் பிடியும் குறையும். வெயிலில் பாதை கோணுவது பலமுறை வண்டிக்கு அடியிலேயே நடப்பது இதனால்தான்.

கடலூருக்கென்று தனி எதிரி ஒன்று உண்டு, உப்புக்காற்று. முதுநகர், துறைமுகச் சந்திப்புப் பக்கம் தண்டவாளத்தின் தலை புதிதாகவே இருக்கும். அடிப்பாதமோ, அதை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குக் கீழே லைனர் என்ற தகடு உட்காரும் இடத்தில் அரித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிளிப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் பூசி, மூடி வைக்க வேண்டும். பெட்டிக் கழிவறைகளின் கழிவு நேராகப் பாதையில் விழுந்த காலத்தில் இந்த அரிப்பு பயங்கரமாக இருந்தது. 2019 வாக்கில் எல்லாப் பெட்டிகளிலும் பயோ-டாய்லெட் வந்தபிறகு குறைந்திருக்கிறது. சுகாதாரத்துக்காகச் செய்ததாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தண்டவாளத்துக்கு அது செய்த நன்மையை யாரும் பேசுவதில்லை.

சரி, உங்கள் வேகனுக்கு வருகிறேன். அடுத்த முறை கேட்டால் பாதைக்குள் இறங்க வேண்டாம். திண்ணையில் இருந்தபடியே நேரத்தையும், வண்டி எந்தப் பக்கம் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கும் வேகன் முன்பாதியா பின்பாதியா, முடிந்தால் கடைசியிலிருந்து எத்தனையாவது என்றும் பாருங்கள். உடனே ஸ்டேஷன் மாஸ்டரிடமோ, பக்கத்து கேட்கீப்பரிடமோ, 139 எண்ணிலோ சொல்லுங்கள். வண்டி ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறைக்குச் சொல்லி முன்னால் ஒரு நிலையத்தில் நிறுத்திப் பார்க்க அது போதும். இன்னொரு நாள், எல்லாச் சக்கரமும் வந்து ஒரே இடத்தில் தட்டுவதாகக் கேட்டால், அன்று அப்பா சொன்னதுதான் சரி. அந்த இடத்துக்கு நேரே இருக்கும் மின்கம்பத்தில் கிலோமீட்டர் எண் எழுதியிருக்கும். பகலில் தள்ளி நின்று அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.